குடத்தை எண்ணிவிட்டுப் பையை வாங்குங்கள்

கேள்வி: எங்கள் வாரியக் குடியிருப்பு மொட்டை மாடியில் 30 குடும்பங்கள் சேர்ந்து 120 பைகளில் காய்கறி போட்டோம். மாசியில் நன்றாக வந்தது, சித்திரையில் எல்லாம் கருகிவிட்டது. 'உங்களுக்கு ஆர்வம் போதாது' என்கிறார்கள் பை கொடுத்தவர்கள். அப்படித்தானா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: ஆர்வத்தின் மேல் பழி போடச் செலவே இல்லை. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 2 லிட்டராவது வேண்டும். 120 பைக்கு 240 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 16 குடம், மூன்று மாடி ஏறி, தினமும். விடிந்ததும் வீட்டு வேலைக்குக் கிளம்புகிற பெண்களிடம் இதைக் கேட்டவர்கள் ஒரு வாரம் தாங்களே சுமந்து பார்த்திருக்கலாம்.

40 பையோடு நிறுத்துங்கள். 30 குடும்பத்தையும் இழுக்க வேண்டாம்; விருப்பமுள்ள பத்துக் குடும்பம், வீட்டுக்கு 4 பை, பை மேல் பெயர். தண்ணீர்ப் பீப்பாயும் மட்கு உரத் தொட்டியும் மட்டும் பொது. (மாடிச் சாவி யாரிடம் என்பதையும் இன்றே பேசி முடியுங்கள். பாதிச் சண்டை அதில்தான்.) மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு அடியில், வாரியத்தில் கேட்டுக்கொண்டு, 200 லிட்டர் பீப்பாய் வையுங்கள். பை கொடுத்தவர்களிடம் அடுத்து அதைக் கேளுங்கள். பீப்பாய் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்ப்பீர்கள். அரிசி, காய் கழுவிய நீரை ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெட்டிப்படுத்தும்.

பையை எதைப் போட்டு நிரப்பினீர்கள் என்று எழுதவில்லை. வெறும் செம்மண் என்றால் சேதம் அங்கேயே தொடங்கிவிட்டது. காய்ந்ததும் மண் சுருங்கி, பையின் ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு விழும். ஊற்றிய தண்ணீர் அந்த வழியே இறங்கி அடி ஓட்டையில் ஓடிவிடும். தரை நனைந்திருக்கும், வேர் நனைந்திருக்காது. செம்மண் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 2, மட்கிய தொழு உரம் 1 என்று கலந்து, ஈரம் காயாமல் பத்து நாள் விட்டு விதையுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்துவிட வேண்டும். கால்வாய்க் கரை மண்ணைத் தொடவே தொடாதீர்கள். சாக்கடையோடு வந்த ஈயமும் காட்மியமும் கீரையில் ஏறும்.

சித்திரை வெயிலில் தக்காளி பூவை உதிர்க்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிழல் வலை கட்டி அரைக்கீரை போடுங்கள். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். கத்தரி, வெண்டைக்கு ஆடி வரை பொறுங்கள்.

ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த செம்மண் பை ஒன்றே 35 கிலோவைத் தொடும். மேலே சொன்ன கலவை 20 கிலோ அளவில் நிற்கும். அப்படியும் சதுர மீட்டருக்கு 5 பைக்கு மேல் வேண்டாம், சுவரோரமாக, இரண்டிரண்டு செங்கல் மேல். தளத்தில் நேராக வைத்தால் நீர் தேங்கிக் கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் ஏறும். பிறகு மாடிக்குப் பூட்டு விழும்.