இலவசமாகக் கிடைக்கும் ரத்தத்துக்கு ஆஸ்திரேலியா ஏன் இவ்வளவு செலவழிக்கிறது?

ரத்தம் தருபவர்களுக்குக் காசே கொடுப்பதில்லை, அப்புறம் ஆஸ்திரேலியாவின் தேசிய ரத்த ஆணையம் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் எப்படிச் செலவழிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 2003-ல் வந்த சட்டப்படி அமைந்த இந்த ஆணையம் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுப்பதில்லை. ஊசி குத்துவது, சோதிப்பது, பிரிப்பது, மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் செஞ்சிலுவைச் சங்கத்தின் லைஃப்பிளட் அமைப்பு. ஆணையம் ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் 63 சதவீதம் மத்திய அரசுடையது, மீதி 37 சதவீதம் மாநில, பிரதேச அரசுகள் போடுவது.

செலவில் ஆளை விழுங்குவது இம்யூனோகுளோபுலின். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து இது. நோய் எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே குறைந்த ஒருவருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உள்நாட்டுப் பிளாஸ்மா அதற்குப் போதாமல் வெளிநாட்டு மருந்தும் வாங்குகிறார்கள். சிவப்பணுப் பை 42 நாள்தான் தாங்கும், காலாவதியானால் அதுவும் நஷ்டம்தான்.

ஆண்டறிக்கையைப் புரட்டினால் (ஜூலை முதல் ஜூன் வரை) இரண்டு கணக்கு இருக்கும். சம்பளம், வாடகை போன்ற அலுவலகச் செலவு ஒன்று, அது சின்னது. ரத்தப் பொருள் வாங்கும் கணக்கு தனி. நேராக அங்கே போங்கள்.