மூவாயிரம் விளையாட்டு, முப்பது பவுண்டு

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். மாதம் 30 பவுண்டு ஒதுக்கி ஆன்லைன் காசினோவில் பொழுதுபோக்காக ஆடலாம் என்றிருக்கிறேன். நண்பர் ஒரு தளத்தைக் காட்டினார். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. 3,000 விளையாட்டுக்கு மேல் உண்டு. ஸ்லாட்டை, அதாவது படச் சக்கரங்கள் சுழலும் விளையாட்டை, 100 சுற்று தானாகவே சுழலவிடும் ஆட்டோபிளேயும் இருக்கிறது. தளத்தின் வடிவமைப்பையும் விளையாட்டுகளையும் எப்படி எடைபோடுவது?

பதில்: நீங்கள் மெச்சிய மூன்றில் கடைசி ஒன்றே போதும், அந்தத் தளத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரிட்டனில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேம்ப்ளிங் கமிஷன் 2021 அக்டோபர் 31 முதல் ஸ்லாட்டில் ஆட்டோபிளேயைத் தடை செய்துவிட்டது. 2025 ஜனவரியில் மற்ற காசினோ விளையாட்டுகளுக்கும் அந்தத் தடை வந்தது. அந்தப் பொத்தான் உங்கள் திரையில் தெரிகிறது என்றால், தளம் பிரிட்டன் விதிக்குக் கட்டுப்படவில்லை. பக்கத்தின் அடியில் கமிஷனின் சின்னம் இருக்கிறதே என்பீர்கள். சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். கமிஷனின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது. தளத்தின் முகவரியை அங்கே தேடிப் பாருங்கள்.

வடிவமைப்பு என்றதும் நிறமும் அசைவும்தான் கண்ணில் படும். நான் முதலில் பார்ப்பது, பணம் போடும் பொத்தானும் பணம் எடுக்கும் பொத்தானும் எங்கே இருக்கின்றன என்பதை. முதலாவது எல்லாப் பக்கத்திலும் பெரிதாக மின்னி, இரண்டாவது நாலு மெனு தாண்டி ஒளிந்திருந்தால் அது கவனக்குறைவால் நடந்ததல்ல. யோசித்துச் செய்த வேலை. எடுக்கக் கேட்ட பணம் கைக்கு வருவதற்குள் "ரத்து செய்து மறுபடி ஆடுங்கள்" என்று ஆசை காட்டுவதும் பிரிட்டனில் 2021 முதல் கூடாது.

அடுத்து சத்தம். ஒரு பவுண்டு கட்டி 40 பென்ஸ் திரும்பி வருகிறது. உண்மையில் 60 பென்ஸ் போய்விட்டது. ஆனால் திரையில் காசு கொட்டும், மேளம் முழங்கும். தோல்விக்குக் கட்டிய வெற்றி வேஷம் இது. உரிமம் உள்ள தளத்தில் இப்படிக் கொண்டாடக் கூடாது. ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆக வேண்டும். எவ்வளவு நேரம் ஆடினீர்கள், நிகரமாக எவ்வளவு போயிற்று என்பதும் திரையில் தெரிய வேண்டும். காசு கட்டாமல் ஆடிப் பார்க்கும் டெமோவில் ஐந்து நிமிடம் சுழற்றினாலே இதெல்லாம் புரிந்துவிடும். வயதைச் சரிபார்க்காமல் டெமோவைத் திறந்துவிடும் தளம் என்றால் அதுவும் பிரிட்டன் விதிக்குப் புறம்பானது.

இனி அந்த மூவாயிரம். ஜவுளிக்கடைக் கண்ணாடி அலமாரி மாதிரிதான். பெரும்பாலும் ஸ்லாட், அவற்றிலும் பல, ஒரே கணக்கின் மேல் வேறு படம் போர்த்தியவை. எகிப்துக் கல்லறைக்குப் பதில் மீன்பிடிப் படகு, அவ்வளவுதான். எண்ணிக்கையை மறந்துவிட்டு ஒவ்வொரு விளையாட்டின் தகவல் பக்கத்தைத் திறந்து ஆர்.டி.பி. என்ற எண்ணைத் தேடுங்கள். கட்டிய பணத்தில் நீண்டகாலச் சராசரியில் எத்தனை சதவீதம் ஆடுபவர்களுக்குத் திரும்புகிறது என்பதே அது. பலருக்குத் தெரியாத சங்கதி: ஒரே பெயர், ஒரே படம் உள்ள ஸ்லாட்டை அதன் தயாரிப்பாளர் பல ஆர்.டி.பி. அளவுகளில் தருவதுண்டு. எதைப் போடுவது என்று முடிவு செய்வது காசினோ. ஒரு தளத்தில் 96 சதவீதம், பக்கத்துத் தளத்தில் 94.

இரண்டு சதவீதம்தானே என்று விடாதீர்கள். சுற்றுக்கு ஒரு பவுண்டு வீதம் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். 96 சதவீதத்தில் சராசரி இழப்பு 24 பவுண்டு. 94 சதவீதத்தில் 36. இரண்டாவதில் உங்கள் மாதப் பணம் முதல் மணியிலேயே காலி. சுற்றுக்கு 10 பென்ஸ் என்றால் அதே 600 சுற்றுக்கு 2.40 பவுண்டுக்கும் 3.60 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். குறைந்தபட்சப் பந்தயம் சிறியதாக உள்ள விளையாட்டுகள் எத்தனை என்பதுதான் உங்களுக்கு உதவும் எண்ணிக்கை.

மேசை விளையாட்டில் சோதனை இன்னும் எளிது. எண் சக்கரத்தில் பந்து உருளும் ரூலெட்டில், ஒற்றைப் பூஜ்யம் உள்ள ஐரோப்பிய சக்கரத்தில் சராசரியாகக் காசினோவுக்குப் போகும் பங்கு 2.7 சதவீதம், இரட்டைப் பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், முதல் இரண்டு சீட்டின் கூட்டே 21 ஆனால் 10 பவுண்டுக்கு 15 தருகிறார்களா, 12 தருகிறார்களா என்று பாருங்கள். 12 என்றால் அந்த மேசையில் உட்காராதீர்கள். "சூடான ஸ்லாட்", "இன்று கொடுக்கும் ஸ்லாட்" என்ற பட்டியல்கள் வெறும் அலங்காரம். முந்தைய சுற்று அடுத்த சுற்றுக்கு எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இந்தக் கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது.

நண்பர் காட்டிய தளத்தில் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், போனஸ் எதையும் ஏற்காமல் மீதியை இன்றே எடுக்கக் கேளுங்கள். கேட்ட தேதி தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். இன்னொன்று, ஆடுவதை நிறுத்த நினைத்து, தளங்களிலிருந்து நம்மை நாமே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் சேவையில் பெயரைப் பதிந்தாலும் அது உரிமம் உள்ள தளங்களைத்தான் மூடும். இந்தத் தளம் திறந்தேதான் இருக்கும்.