வரையாடு எண்ணிக்கை கூடியபிறகும் மரபணுக் கவலை எதற்கு?

"தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. கூடிக்கொண்டுதானே போகிறது, பிறகு ஏன் மரபணுப் பன்மை குறைகிறது என்று பயமுறுத்துகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியில் வந்த எண்களை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, உடுமலைப் பக்கம் ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளை. படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அப்பா ஒரே கிடாயை ஆறு வருடம் வைத்திருந்தார். அவ்வளவு பிரியம், விற்க மனம் வரவில்லை. அதன் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அதே கிடாய்தான். பட்டியில் ஆடுகள் பெருகின. அப்புறம் ஒரு மார்கழிக் காலையில் பிறந்த குட்டி எழுந்து நிற்கவே இல்லை. முன்கால் இரண்டும் உள்பக்கம் மடிந்திருந்தன. அம்மா துணியைப் பாலில் நனைத்து வாயில் வைத்தார், சப்பத் தெரியவில்லை. மதியத்துக்குள் போய்விட்டது. அந்த வருடம் அப்படி மூன்று. ஊரிலிருந்து வந்த அப்புச்சி (அம்மாவின் அப்பா) பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, ஆடு முப்பது நின்னாலும் ரத்தம் ஒண்ணுதானுங்க. கிடாயை மாத்துங்க" என்றார். மரபணுப் பன்மை குறைவது என்பது இதுதான்: தலை எண்ணிக்கை கூடும், ரத்தம் ஒன்றாகவே இருக்கும்.

நாங்கள் சந்தையில் வேறு கிடாய் வாங்கினோம். வரையாடு எங்கே போகும்? 1,303 என்பது ஒரே மந்தை இல்லை, மலைமலையாகச் சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்களின் கூட்டுத்தொகை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். அது இயற்கை போட்ட பிரிவு. ஆனால் மற்ற மலைகளுக்கு இடையில் இருந்த புல்வெளியில் தேயிலையும் சீகை மரமும் தைலமரமும் வைத்தது நாம். பாறைச் சரிவும் திறந்த புல்லும் இல்லாத இடத்தை வரையாடு லேசில் கடக்காது. அப்போது கூட்டத்துக்குள்ளேயே உறவு சுற்றுகிறது.

அமெரிக்காவின் புளோரிடாவில் மலைச்சிங்கங்கள் (பூமா என்னும் பெரிய பூனையினம்) முப்பதுக்கும் கீழே போனபோது வால் மடிந்தும் இதயக் கோளாறோடும் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தேறின. உடனே ஆனைமலை ஆட்டை நீலகிரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை நெடுங்காலமாகப் பிரிந்து வந்த வம்சங்கள், கலப்பதும் தப்பாகலாம். முதலில் புல்வெளியை மீட்டு வழியைத் திறக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறு கூட்டத்தில் ஒரு குட்டி போனாலும் இழப்புதான். ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஒருவர் காரை நிறுத்தி, குட்டியோடு நின்ற தாய் ஆட்டுக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். "வேண்டாங்க" என்றதற்கு, "ஆசையாத்தானே கொடுக்கறோம்" என்று கோபப்பட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததில் தாய் பாறைமேல் ஏறிவிட்டது, குட்டி ரோட்டு நடுவில் நின்றுவிட்டது. பஸ் டிரைவர்தான் பிரேக் போட்டுக் காப்பாற்றினார்.