சட்டைப் பையில் இருப்பதே போதும்: க்ளோஸ்-அப் மேஜிக் கேள்வி பதில்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. பெட்டிக்குள் ஆளை வைத்து அறுக்கிற மேடை மேஜிக் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கல்யாண மண்டபங்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் பல வருடமாக நான் செய்துவருவது, எதிரில் இருப்பவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் காசு, தீக்குச்சி, ரப்பர் பேண்டு வைத்துச் செய்யும் வித்தை. அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, காசு மறைக்கும் வித்தையை வீடியோ பார்த்துப் பழகினேன். கண்ணாடி முன்னால் நன்றாக வருகிறது. ஹாஸ்டலில் செய்தால் உடனே "அந்தக் கையில இருக்கு" என்கிறார்கள். வேகம் போதவில்லையா?

வேகம் காரணமில்லை தம்பி. இன்னும் வேகமாகச் செய்தால் இன்னும் சீக்கிரம் மாட்டுவாய். வேகமாக அசைகிற கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

வித்தையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. காசை வலது கையிலிருந்து இடது கைக்கு நிஜமாகவே மாற்று. திரும்பத் திரும்ப மாற்றி, உன் கை என்ன செய்கிறது என்று கவனி. காசு வலது கையின் நடுவிரல், மோதிர விரல் அடிப்பகுதியில் கிடக்கிறது. இடது உள்ளங்கை அதை வாங்க வருகிறது. வலது கை லேசாகச் சாய்ந்ததும் காசு வழுக்கி விழுகிறது. இடது விரல்கள் மூடுகின்றன. வேலை முடிந்த வலது கை தளர்ந்து கீழே போய்விடுகிறது. உன் கண் எங்கே போகிறது? காசோடு இடது கைக்குப் போகிறது.

இப்போது அதையே அப்படியே செய். ஒரே ஒரு மாற்றம்: சாய்க்கும்போது அந்த இரண்டு விரலையும் சற்று மடக்கிக் காசைப் பிடித்துக்கொள். மற்ற எதுவும் மாறக் கூடாது. பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் குட்டு உடைகிறது. காசு இருக்கிற வலது கை விறைத்து, கட்டை விரல் தனியாக நீட்டிக்கொள்ளும். வெறும் இடது கை, உள்ளே ஒன்றும் இல்லாததால் இறுக்கமாக மூடிவிடும். நிஜமாகக் காசு இருந்தால் அவ்வளவு இறுக்க முடியாது. அப்புறம் கண். "விழாமல் இருக்கிறதா" என்று ஒரு நொடி வலது கையைப் பார்த்துவிடுவாய். அது போதும் அவர்களுக்கு.

கண்ணாடியில் சரியாக வந்து ஹாஸ்டலில் வராததற்கும் இதுதான் காரணம். கண்ணாடி முன்னால் நீ உன் கையையே பார்த்துப் பழகுகிறாய், அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. போனை எதிரில் சாய்த்து வைத்துப் படம் பிடி, பிறகு போட்டுப் பார்.

பார்வை அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைக்காதே. குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். பந்தை மேலே எறிவதுபோல நடித்துக் கையிலேயே வைத்துக்கொள்ளும் பழைய வித்தை அது. செய்பவர் அண்ணாந்து பார்த்தபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோர் பந்து மேலே போனதைக் கண்டதாகவே சொன்னார்கள். அதையே அவர் தன் கையைப் பார்த்தபடி செய்தபோது ஏமாந்தவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. கை இரண்டு முறையும் ஒரே வேலையைத்தான் செய்தது.

இன்னொன்று. மூடிய இடது கையை உடனே திறக்காதே. "ஒரு பேனா எடுத்துத் தட்டலாம்" என்று வலது கையைச் சட்டைப் பைக்குள் விடு, காசை அங்கேயே விட்டுவிட்டுப் பேனாவோடு வெளியே வா. வலது கைக்கு ஒரு வேலை கிடைத்தது, காசும் போய்விட்டது. இடது கையைத் தட்டித் திற. இரண்டு கையையும் விரித்துக் காட்டலாம்.

சத்துவாச்சாரி, வங்கி ஊழியர்: எந்தக் காசு நல்லது? வீடியோவில் காட்டுகிற காசு பெரிதாகத் தெரிகிறதே.

அது அமெரிக்க அரை டாலர் சார், குறுக்களவு 30.6 மில்லிமீட்டர். நம்மிடம் அவ்வளவு பெரிய காசு புழக்கத்தில் இல்லை. பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர். இரண்டு நிறம் இருப்பதால் தூரத்திலும் தெரியும், கையிலும் கனமாக நிற்கும். எங்கள் பக்கம் சில கடைகளில் இதை வாங்க இன்னும் தயங்குகிறார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது. அந்தப் பேச்சையே வித்தைக்கு முன்னுரையாக வைத்துக்கொள்ளுங்கள், "செல்லாதுன்னு சொன்னாங்களே, அதான் காணாம போகுது" என்று. கேட்பவர் சிரிக்கும்போது கை தன் வேலையை முடித்துவிடும்.

சிறிய காசை உள்ளங்கை நடுவில் பிடிக்க முயன்று சிரமப்பட வேண்டாம். விரல் அடியில் பிடிப்பதே நம் காசுக்குப் பொருந்தும். காசை ஒட்டிப் பிடிக்கிற காந்த மோதிரம் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகுக் காசுகள் காந்தத்தில் ஒட்டும், பத்து ரூபாய் ஒட்டாது. காசை வெட்டி, ராவி வித்தைக் காசு செய்து தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை அழிப்பது குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலே, காசு அவர்களுடையதாக இருக்கட்டும். "ஒரு காசு கொடுங்க" என்று கேட்டு வாங்கிச் செய்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். அன்றாடப் பொருளில் செய்கிற மேஜிக்கின் பலமே அதுதான்.

குடியாத்தம், டெய்லர்: எங்கள் ஊர் தீப்பெட்டிக்குப் பேர் போனது. தீக்குச்சியை வைத்து ஏதாவது ஒன்று முழுசாகச் சொல்லித் தாருங்கள் அண்ணா.

உங்கள் தொழிலுக்கே ஏற்ற வித்தை ஒன்று இருக்கிறது. ஆண்கள் வைத்திருக்கும் பெரிய கர்ச்சீப், ஓரத்து மடிப்பு அகலமாக இருக்க வேண்டும். ஒரு மூலைக்குப் பக்கத்தில் நாலு தையலைப் பிரித்து, மடிப்புக்குள் ஒரு தீக்குச்சியை நுழையுங்கள். மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டு நுழைத்தால் துணியில் கறை படாது. மரக்குச்சிதான் வேண்டும். மெழுகுக் குச்சி வளையுமே தவிர உடையாது. இந்த வித்தைக்கு உயிரே அந்த "டப்" என்கிற சத்தம்தான்.

கர்ச்சீப்பை மேஜையில் விரியுங்கள். எதிரில் இருப்பவரையே பெட்டியிலிருந்து ஒரு குச்சி எடுத்துப் பேனாவால் அடையாளம் போடச் சொல்லுங்கள். அதை நடுவில் வைத்து, குச்சி ஒளிந்த மூலையை முதலில் மடித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு மற்ற மூன்று மூலைகள். இப்போது துணியோடு சேர்த்துத் தூக்கும்போது உங்கள் விரலில் இருப்பது மடிப்புக்குள் இருக்கும் குச்சி. அதன் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு, நடுவில் மட்டும் அவரை அழுத்தி உடைக்கச் சொல்லுங்கள். முனைகளை அவரிடம் விட்டால் தையல் விரலில் தட்டுப்படும்.

உடைத்தார், சத்தமும் கேட்டார். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். "இன்னொரு தடவை உடைங்க, நல்லா" என்று சொல்லுங்கள். அவர் கையே அவருக்குச் சாட்சி ஆகிவிடும். அப்புறம் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உதறினால், அவர் அடையாளம் போட்ட குச்சி முழுசாக மேஜையில் விழும். எல்லோரும் குச்சியைப் பாய்ந்து எடுப்பார்கள், கர்ச்சீப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பைக்குள் வைத்துவிடுங்கள்.

பாகாயம், ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா: என் பையன் கை சின்னது. எதில் தொடங்கலாம்?

ரப்பர் பேண்டில் தொடங்கட்டும் அக்கா. ஹோட்டல் பார்சலில் வருகிற மெல்லிய பேண்டு பிசுபிசுப்பாக இருக்கும், கொஞ்சம் தடித்தது வேண்டும். இடது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் பேண்டை மாட்டி, புறங்கை எதிரில் இருப்பவர் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். வலது கையால் பேண்டைத் தன் பக்கம் இழுத்து, இடது கையை மூடும்போது நான்கு விரல் நுனியையும் அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட வேண்டும். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு விரலில் மட்டும் பேண்டு தெரியும். கையைத் திறந்ததும் அது மோதிர விரல், சுண்டு விரலுக்குத் தாவிவிடும்.

வீட்டில் மூன்று நான்கு வயதுக் குழந்தை இருந்தால், காசை வாயில் போட்டு முழுங்குவதுபோல நடிக்கும் வித்தையை மட்டும் அவன் செய்யவே கூடாது. சின்னது அதை அப்படியே செய்து பார்க்கும்.

வேலூர் லாங் பஜார், கடை வைத்திருப்பவர்: "இன்னொரு தடவ காட்டு" என்று கேட்டால் என்ன செய்வது?

அதே வித்தையைக் காட்டாதீர்கள். முதல் தடவை என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது, அதனால் எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. இரண்டாவது தடவை இரண்டும் தெரியும். "அத விட நல்லதா ஒன்னு இருக்கு" என்று அடுத்ததற்குப் போய்விடுங்கள். மூன்று முறை பார்த்தால் எந்த வித்தையையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹூடினியிடம், டாய் வெர்னன் என்ற வித்தைக்காரர் ஒரு சீட்டு வித்தையை 1922இல் திரும்பத் திரும்பச் செய்துகாட்டி அவரைத் திணறடித்தார். ஆனால் வெர்னன் வாழ்நாள் முழுவதும் இதிலேயே ஊறியவர். நாம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆற்காடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: நான் சிறுவனாக இருந்தபோது சந்தையில் ஒருவர் தரையில் உட்கார்ந்து மூன்று செப்பும் துணி உருண்டையும் வைத்து வித்தை காட்டுவார். அதுவும் இந்த வகைதானா?

இந்த வகைக்கே மூத்தது அதுதான் ஐயா. ரோமில் செனெகா என்ற தத்துவஞானி தன் கடிதம் ஒன்றில் கிண்ண வித்தைக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால். நம் ஊர்ச் செப்பில் மேலே ஒரு குமிழ் இருக்கும், நினைவிருக்கும் உங்களுக்கு. அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துத் தூக்கும்போது, மற்ற விரல்கள் உருண்டையை உள்ளே நழுவவிடவும் எடுக்கவும் வசதியாக இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்வதால் மடியும் ஒளிக்கிற இடமாகிவிடும். மேஜையும் விளக்கும் இல்லாமல், சுற்றிக் கூட்டம் நிற்க அதைச் செய்தார்களே, அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான். அந்தக் குடும்பங்களில் யாரையாவது பார்த்தால் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ராணிப்பேட்டை: மண்டபத்தில் பந்தி நடக்கும்போது செய்யலாமா?

வேண்டாம். பந்தியில் எல்லோரும் ஒரே பக்கம் வரிசையாக உட்கார்ந்திருப்பதால் பின்னாலிருந்து யாரும் பார்க்க முடியாது, அது வசதிதான். ஆனால் வலது கை சாப்பாட்டில் இருக்கிறவரிடம் எதைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது? அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்களிடம் போங்கள். சுவர் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும், ஆட்கள் முன்னால் அரைவட்டமாக நிற்கட்டும். சீட்டுக் கட்டை எடுப்பதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல நாளில் சீட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கத்திரி வெயில் நாட்களில் இன்னொரு தொல்லை, கை வேர்ப்பது. லேசான ஈரம் காசைப் பிடிக்க உதவும், சீட்டுதான் ஒன்றோடொன்று ஒட்டும். பவுடர் போடாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து பசையாகும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே போதும்.

தோட்டப்பாளையம், செவிலியர்: வெறும் கையில் விபூதி வரவழைத்து, நோய் தீரும் என்று கொடுக்கிறார்களே. அது எப்படி?

விபூதியைக் கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து மாத்திரை அளவில் உருட்டிக் காயவைத்து, கட்டை விரல் இடுக்கில் வைத்துக்கொள்வார்கள். கையைச் சுழற்றி நசுக்கினால் பொடியாகக் கொட்டும். கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் ஊர் ஊராகப் போய் இதைச் செய்துகாட்டி விளக்கினார். கை வேலை என்ற அளவில் நான் காசு மறைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

வித்தியாசம், என்ன சொல்லிச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ கடன் வாங்கிக்கொண்டு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நிறைந்த ஊர் நம் ஊர். அவர்கள் முன்னால் ஒரு வித்தையைக் காட்டி, இதில் குணமாகும் என்று சொல்வதை என்னால் மன்னிக்கவே முடியாது. குறிப்பிட்ட நோய்களை மந்திரத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். என்னிடம் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்குகிற வாக்கு, "இது வித்தைதான், சக்தி இல்லை" என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பது. ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை, இவ்வளவு சொன்னால் போதும்.

வாணியம்பாடி: திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டைக் குப்புறப் போட்டு, ராணி எங்கே என்று பணம் கட்டச் சொல்கிறார்களே, உன்னிப்பாகப் பார்த்தால் ஜெயிக்கலாமா?

முடியாது. ஒரு கையில் இரண்டு சீட்டு பிடித்திருப்பார், கீழ்ச் சீட்டைப் போடுவதுபோல மேல் சீட்டைப் போடுவார். பக்கத்தில் நின்று ஜெயிப்பவர் அவருடைய ஆள். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

காட்பாடி மாணவர், மீண்டும்: நடுவில் காசு கீழே விழுந்துவிட்டால்?

குனிந்து எடுத்து, "இப்ப நீங்க பிடிங்க" என்று அதை அவர் கையிலேயே கொடுத்துவிடு. அவர் அதைத் திருப்பிப் பார்க்கிற நேரத்தில் நீ ரப்பர் பேண்டை எடுத்து விரலில் மாட்டிக்கொள்ளலாம்.