உப்புக்காற்றும் பழைய காமிக்ஸும்: வாசகர் கேள்வி-பதில்

வாப்பா மௌத்தான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், இந்திரஜால் என்று அடுக்கடுக்காகப் புத்தகங்கள். "பழைய பேப்பர் கடையில போட்டுறாதே, லட்சக்கணக்குல போகும்" என்கிறார் காக்கா (அண்ணன்). நிஜமா? (வாசகி, கீழக்கரை)

கடையில் போடாமல் வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். லட்சக் கணக்கு மட்டும் காக்காவின் ஆசை. சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் வருட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போன சேதியை அவர் எங்கோ பார்த்திருப்பார். அது முதலில் கடைக்கு வந்தபோது விலை பத்து சென்ட். ஆனால் அமெரிக்காவில் 1970 முதலே விலைப் பட்டியல் அச்சாகி வருகிறது. எந்த இதழ், எந்த நிலையில், எவ்வளவு என்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே கணக்கு. தமிழில் அப்படியொரு பொதுக்கணக்கு கிடையாது. இங்கே விலை வைப்பவர், பள்ளிக்கூட நாளில் படித்துத் தொலைத்ததைத் திரும்பத் தேடும் ஐம்பது வயதுக்காரர்தான். அவர் தேடும் இதழ் உங்கள் பெட்டியில் இருந்தால் நல்ல விலை. இல்லையென்றால் எவ்வளவு பழசானாலும் சும்மா கிடக்கும்.

முதலில் பிரியுங்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அந்த எழுபதுகளின் இதழ்களைத் தனியாக வையுங்கள். தேடுபவர்கள் அதிகம், கிடைப்பது குறைவு. லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு வந்தது. அதே 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியது. பெட்டிக்கடை தோறும் தொங்கிய புத்தகம் என்பதால், ஆரம்ப இதழ்களைத் தவிர மற்றவை அவ்வளவு அரிதல்ல. இந்திரஜால் 1964-இல் தொடங்கி 1990-இல் நின்றது. ஆங்கில இதழையும் தமிழ் இதழையும் கலக்காதீர்கள், இரண்டுக்கும் ஆள் வேறு.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தை எண்ணுங்கள். அட்டை பளபளவென்று இருந்து நடுப்பக்கம் காணாமல் போன இதழைவிட, அட்டை கசங்கி எல்லாப் பக்கமும் உள்ள இதழ் என் பார்வையில் மேல். கூப்பன் கத்தரித்த இடம், பேனாவால் நிரப்பிய புதிர், வாடகை நூலக முத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "அத்தனைக்கும் சேர்த்து ஒரே விலை" என்று முதலில் வருபவரிடம் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அவர் வருவதே அதில் உள்ள நாலைந்து இதழுக்காகத்தான்.

ஒன்று கவனம்: இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. இரண்டாவதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் காவிக்கறை இறங்கியிருக்கிறது. பிடுங்கிப் புதுப் பின் அடிக்கலாமா? (பாம்பன்)

எடுத்த எடுப்பில் பிடுங்கக் கூடாது. நம் கரையில் கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். துரு லேசாக, பின்னோடு நின்றிருந்தால் தொடாதீர்கள். ஈரம் படாமல் வைத்தால் அதன் வேகம் குறையும். தாளைக் கருக்கிப் பரவுகிறது, தொட்டால் உதிர்கிறது என்றால் மட்டும் எடுக்கலாம். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து, மடங்கிய இரண்டு காலையும் மொண்ணைக் கத்தியால் மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு திருப்பி, முதுகுப் பக்கமிருந்து நேராக வெளியே எடுங்கள். சாய்த்து இழுத்தால் துளை கிழிந்து நடுத்தாள் கழன்றுவிடும்.

புதுப் பின் அடித்தால் விற்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். மாற்றிய பின்னை மறைத்து விற்பதும் வெட்டி ஒட்டிய அட்டையை மறைத்து விற்பதும் ஒரே ரகம்.

அப்பா பத்துப் பத்து இதழாகச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருக்கிறார். பிரித்தால் விலை கூடுமா? (தேவிபட்டினம்)

கூடாது. பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தை அறுத்திருப்பார், முதுகில் ஊசி போட்டிருப்பார், பசை தடவியிருப்பார். பிரித்தால் கையில் மிஞ்சுவது ஓரம் குறைந்த, முதுகில் ஓட்டை விழுந்த பத்து இதழ். பல பைண்டர்கள் அட்டையைக் கிழித்துவிட்டே தைப்பார்கள், அதைப் பாருங்கள். அட்டைகளோடு இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எழுபது எண்பதுகளின் புத்தகங்கள் பல இன்றைக்கு முழுதாகக் கிடைப்பதே பைண்டிங் புண்ணியத்தில்தான்.

அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்கலாமா? (இராமநாதபுரம்)

கிரேடு என்பது புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான பத்துப் புள்ளிக் கணக்கு. 9.4 நியர் மின்ட், 8 வெரி ஃபைன், 6 ஃபைன், 4 வெரி குட், 2 குட், அரைப் புள்ளி என்றால் பூர். 'குட்' என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், அது நைந்துபோன புத்தகம். உங்களிடம் பழைய அமெரிக்க இதழ் இருந்தால் அனுப்புவதில் அர்த்தம் உண்டு. தமிழ் இதழுக்கு அனுப்பும் செலவே பல சமயம் புத்தக விலையைத் தாண்டும். அதோடு பெட்டியில் அடைத்த கதையைப் படிக்க முடியாது. தமிழில் வாங்குகிறவர் படிக்கத்தான் வாங்குகிறார். இந்த அளவுகோலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு குறைகளை நேர்மையாக எழுதி வையுங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா? (சாயல்குடி)

வேண்டாம். வாடை தாளில் ஏறினால் போகாது, மூச்சுக்கும் ஆகாது. இராமபாணப் பூச்சி வருவதே ஈர ஓதத்தால். சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். பாலிப்ராப்பிலீன் உறையில் போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டால் மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஈரம் குடித்து நிறைந்த பை வெறும் பைதான்.

ஐப்பசி மழையில் ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஒரு கட்டு நனைந்துவிட்டது. (மண்டபம்)

வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் நெளிந்து மொடமொடத்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டியதை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். மழைத்தண்ணீர் என்றால் நிழலில் மின்விசிறியடியில் வைத்து, பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் சொருகி, நனைய நனைய மாற்றுங்கள். கடல்தண்ணீர் கலந்திருந்தால் முதலில் தட்டில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த பிறகும் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்த முடியாதென்றால் மிச்சத்தை பட்டர் பேப்பரில் சுற்றி, உறையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. மீன் ஐஸ் பெட்டியில் அல்ல, வீட்டு ஃப்ரீசரில்.

'மாயாவி முதல் இதழ், ஒரிஜினல்' என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? (தொண்டி)

எந்த மாயாவி என்று முதலில் கேளுங்கள். இரும்புக்கை மாயாவி, 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் பிறந்தவர். நமக்கு முத்து காமிக்ஸ் வழியாக வந்தார். ராணி காமிக்ஸ் மாயாவியோ முகமூடி போட்ட ஃபேன்டம். இரண்டையும் குழப்பி விற்கிறவர்கள் உண்டு. இரும்புக்கையார் கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசை உட்பட மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. முன்னட்டைப் படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது மறுபதிப்பிலும் அப்படியே வரலாம். பதிப்பக விவரம், விலை, மாதம், பின்னட்டை விளம்பரம், 'அடுத்த வெளியீடு' அறிவிப்பு, இவற்றுக்குத் தனித்தனியாகப் படம் கேளுங்கள். முதல் இதழில், அதற்குப் பின்னால் வந்த புத்தகங்களின் பட்டியல் இருக்க வழியில்லை. நகலெடுத்த அட்டை என்று சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: பழைய அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும், வீட்டு இங்க்ஜெட் நகலில் சிதறிக் கிடக்கும். படம் அனுப்ப மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள்.