இடாப்பும் தேர்ச்சியும்

அன்பின் எழுத்தாளருக்கு,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11-க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகள், பிள்ளை எத்தனை மணிநேரம் வகுப்பில் இருந்தது என்று பார்க்காமல், என்ன செய்யத் தெரிகிறது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கின்றனவாம். இடையில் நின்று கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் எங்கள் பிள்ளைகளுக்கு இது உதவுமா? இல்லை, ‘உங்களுக்கு இது போதும்’ என்று ஒதுக்கிவிடுவார்களா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இந்த மணிக்கணக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1905-ல் அமெரிக்க உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னகி பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென 10 மில்லியன் டொலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்கெல்லாம் அது போகலாம் என்று முடிவெடுக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை வருஷத்துக்கு 120 மணிநேரம் படித்தால் ஓர் அலகு. அப்படி 14 அலகு கேட்கிற கல்லூரிக்குத்தான் பென்ஷன். பிள்ளை என்ன கற்றது என்று அளக்க யாரும் அதைச் செய்யவில்லை.

நம்மிடமும் தேர்ச்சி, அதாவது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிகிறது என்ற பேச்சு, புதிதில்லை. உங்கள் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், பக்கத்திலேயே பாடவேளைகளின் எண்ணிக்கை. எது ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரே இல்லாத தவணைகளிலும் நம் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், இடாப்பில் வரவும் விழுந்தது. ஆகவே மணிக்கணக்கை நான் காப்பாற்றப் போவதில்லை.

ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. தேர்ச்சி வந்தால்தான் கணக்கு என்றதும் எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிப்பதுதான் ஞாபகம் வருகிறது. முழு நாளும் மலையில் நின்றாலும் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை பெய்ததா, மலை காடாகிக் கிடக்கிறதா என்று தராசு கேட்காது. படிப்பிக்க ஆளும் மறுபடி முயல அவகாசமும் கொடுக்காமல் மதிப்பீட்டை மட்டும் மாற்றினால், பள்ளிக்கூடத்திலும் அரைப்பேர்தான் விழும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2012-ல் தேர்ச்சி காட்டினால்தான் டிப்ளோமா என்று சட்டமே போட்டது. புதிய புள்ளி முறை பெற்றோரையும் ஆசிரியரையும் குழப்பியதுதான் மிச்சம். 2018-ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ரோட் ஐலண்டில் 1996-ல் தொடங்கிய மெட் பள்ளி வேறு மாதிரி. அங்கே வாரத்தில் இரண்டு நாள் பிள்ளை ஒரு வேலைத்தலத்தில் இருக்கும். ஏறக்குறைய 15 பேருக்கு ஓர் ஆலோசக ஆசிரியர். கற்றதைப் பலர் முன்னால் செய்து காட்டி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பதால்தான் அது நடக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் அதை எதிர்பார்ப்பது பேராசை.

கொழும்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு வாசல் ஏற்கெனவே உண்டு. தொழில் திறனுக்குச் சான்றிதழ் தரும் தேசிய தொழில் தகைமையில் (NVQ), முன்பு கற்றதை அங்கீகரிக்கும் முறை. பேக்கரியிலோ வயரிங் வேலையிலோ கைபழகியதை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் வாங்கலாம். ஏழு மட்டங்களில் கடைசி பட்டத்துக்குச் சமம் என்று தாளில் இருக்கிறது. நடைமுறையில் பல்கலைக்கழகத்துக்குப் பெருவழி இன்னும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான்.

ஒதுக்கிவிடுவார்களா என்று கேட்டீர்கள். அந்த வழியில் வேறு யார் போகிறார்கள் என்று பாருங்கள். கண்டி, கொழும்பு தேசிய பாடசாலைப் பிள்ளைகளும் அதே முறையில் மதிப்பிடப்பட்டால் வரட்டும், வரவேற்போம். ‘தோட்டப்புறத்துக்கான விசேட திட்டம்’ என்று மட்டும் வந்தால் நான் எதிர்ப்பேன். வசதியுள்ளவன் தன் பிள்ளைக்கு எடுக்காத சலுகை நமக்கு எதற்கு?

அதுவரை உங்கள் வகுப்பிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி, வட்டி, இலாபநட்டம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சின்னக் கேள்வித்தாள். வராத பிள்ளை அந்தத் துண்டை மட்டும் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும். பழைய புள்ளியை அழித்துவிடுங்கள். நீண்ட நாள் வராமல் இருந்த பிள்ளை எங்கே விட்டது என்று அந்தத் தாளில் தெரியும், இடாப்பில் தெரியாது. அதிபர் கேட்டால் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.