ஆச்சி பதில்கள்: சாமியிடம் கோபம் வரலாமா?

கேள்வி: ஆச்சி, எனக்கு 36 வயது. கணவர் நடத்திய சின்ன அச்சகத்தை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கடன் மட்டும் மிச்சம். நான் பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிக்கொண்டே இருக்கிறேன், கைகூடவில்லை. செவ்வாய் தவறாமல் கொப்புடையம்மன் கோவிலுக்குப் போனவள், இப்போது வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். அம்மனைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. "உனக்கு நம்பிக்கை போதாது" என்கிறார் நாத்தனார். ஜோசியர் 15,000 ரூபாய்க்குப் பரிகாரம் சொல்கிறார். இன்னும் எவ்வளவு காலம் பொறுத்திருப்பது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நாத்தனார் பேச்சை முதலில் ஒதுக்கி வை, தாயி. கடனையும் சுமந்துகொண்டு பரீட்சைக்கும் படிக்கிறவளின் நம்பிக்கையை அளக்க அவரிடம் எந்தப் படி இருக்கிறதோ!

கோபம் வந்தால் தெய்வக் குற்றமா என்றுதானே உள்ளுக்குள் பயப்படுகிறாய்? தேவாரம் பாடிய சுந்தரரை நினைத்துப் பார். மனைவி சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியமாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவருடையதுதான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. வழியெல்லாம் பாடிக் கேட்டுக்கொண்டே திருவாரூரைப் பார்த்து நடந்தார். திருவெண்பாக்கத்தில் சிவனிடம் "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டதற்கு, "உளோம் போகீர்" (இருக்கிறோம், நீர் போம்) என்று பதில் வந்தது, கூடவே ஊன்றுகோல் ஒன்று. கண் கேட்டவருக்குக் கோல்! காஞ்சிபுரத்தில் இடக்கண் மட்டும் கிடைத்தது. திருவாரூருக்கு வந்து, இப்படியே எங்களை வைத்திருந்தால் நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று சுடச்சுடப் பாடின பிறகுதான் வலக்கண். அந்தச் சண்டைப் பாட்டைத்தான் தேவாரமாக வைத்து இன்றைக்கும் ஓதுகிறோம்.

எங்கள் அப்பத்தா பள்ளத்தூரில் இருந்தார். அவர் வீட்டுக்காரர், எங்கள் ஐயா, ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. கணக்கு முடிகிற சமயத்தில், 1941 டிசம்பரில், ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த வருடம் காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள், ஐயா வரவில்லை. கடிதமும் இல்லை. அந்த மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும்போது (21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோமே, அதுதான்) வேண்டுதலே சொல்லவில்லையாம். "பிள்ளையாரே, இது உமக்கு நான் செய்கிற மரியாதை. எனக்கு நீர் என்ன செய்தீர்?" என்று கேட்டுவிட்டு விழுங்கினாராம். மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்!

மறுநாளிலிருந்து ஓலைக்கொட்டான் (பனையோலைக் கூடை) முடைந்து விற்கத் தொடங்கினார். அத்தனை பெரிய வீட்டு மருமகள் கொட்டான் விற்கிறாளே என்று ஊர் பேசத்தான் செய்தது. போர் முடிந்த பிறகு ஐயா வந்தார். பணம் வரவில்லை. பர்மாவில் போட்டது பர்மாவோடு சரி. அந்த நோன்புக்கு முன்னெல்லாம் அப்பத்தா இரண்டுக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருந்தார். "பாதி வேண்டுதலுக்குப் பிள்ளையார் பேர் சொல்லலாம், மீதிக்கு என் விரலைத்தான் சொல்லணும்" என்பார், சிரித்துக்கொண்டே. ஆனால் கடைசி வரை ஒரு நோன்பையும் விட்டதில்லை.

அதனால், எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் நம்பாதே. அடுத்த செவ்வாய் வாசலில் திரும்பாமல் உள்ளே போ. தோத்திரம் சொல்ல வராவிட்டால் சொல்ல வேண்டாம், கோபத்தை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா. அங்கே நீ சண்டை போடுகிற வரைக்கும் உறவு அறுந்துபோகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தேர்வு விஷயம். பி.எட். படித்தவள் எழுதுவது இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணில் 60 உன் பாடத்துக்கு. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் முப்பது முப்பது. எந்த முப்பதில் சறுக்குகிறாய் என்று பழைய மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தாயா? எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துத்தான் நிறையப் பேர் களைத்துப்போகிறார்கள்.

இராத்தூக்கம் போய், எதற்கு இந்த உயிர் என்கிற மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தால் பொறுத்திருக்கவே கூடாது. 14416-க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் அந்த 15,000. பரிகாரத்துக்காக யாரிடமும் கைமாற்று வாங்காதே. கையிலேயே இருக்கிறது என்றால், கடன்காரர் வீட்டுக்குக் கணவரோடு நேரில் போய், அசலில் வரவு வைக்கச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டு வா.